கொப்பியைத் திருப்பிக் கொடுத்த பிறகு

தமிழ் கற்பிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பிழையாக எழுதிய எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும். கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், கடைப் பெயர்ப்பலகை எதுவும் தப்பாது. திருகோணமலை பஸ் நிலையத்தில் நிலாவெளி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒருவர், எதிரே உள்ள விளம்பரத்தை முகம் சுளித்தபடி இரண்டாம் முறை வாசிக்கிறார் என்றால் அவர் பெரும்பாலும் எங்கள் ஆள். இந்த வியாதி முற்றுகிற இடம் மாணவர் கொப்பி. அங்கே எங்களைத் தடுக்க யாரும் இல்லை. கையில் சிவப்புப் பேனாவும் இருக்கிறது.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒரு கட்டுரையை நின்று நிதானித்துத் திருத்தப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 400 நிமிடம். எங்கள் பாடவேளை 40 நிமிடம் என்பதால், பத்துப் பாடவேளை கற்பிக்கிற நேரம் ஒரே ஒரு கட்டுரைக்குப் போய்விடுகிறது. அதுவும் வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, சொந்தப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைக் கவனிக்க வேண்டிய நேரத்தில். இவ்வளவு பாடுபட்டுத் திருத்திய கொப்பி மாணவனின் கைக்குப் போன பின் என்ன ஆகிறது என்பதை நாங்கள் பார்ப்பதே இல்லை. அந்த நேரம் கரும்பலகைப் பக்கம் திரும்பி அடுத்த பாடத்தின் தலைப்பை எழுதிக்கொண்டிருப்போம்.

தரம் 9 வகுப்பில் நான் செய்த செயல்நிலை ஆய்வின் கேள்வி இவ்வளவுதான்: கொப்பியைத் திருப்பிக் கொடுத்த பிறகு பிள்ளைகள் அதை வைத்து என்ன செய்கிறார்கள்?

செயல்நிலை ஆய்வு என்ற பெயரைக் கேட்டவுடன் ஆசிரியர் அறையில் ஒரு பெருமூச்சு எழும். டிப்ளோமா படித்த காலத்தில் எல்லோரும் ஒன்று செய்திருப்போம். பிரச்சினையை இனங்காணல், தரவு சேகரித்தல், பகுப்பாய்வு, விதந்துரைகள் என்று தலைப்புகள் ஒழுங்காக வரும். 'மாணவர்களின் எழுத்துத்திறனை மேம்படுத்தல்' என்று பெயர் வைத்து, அழகாகக் கட்டுவித்துக் கொடுத்து, புள்ளி வாங்கியதோடு அலுமாரிக்குள் போய்விடும். 1946 இல் கேர்ட் லெவின் என்ற சமூக உளவியலாளர் இந்த ஆய்வு முறையைப் பற்றி எழுதியபோது சொன்னது மிக எளிமையான ஒன்று. திட்டமிடு, செய், விளைவைப் பார், பார்த்ததை வைத்துத் திரும்பவும் திட்டமிடு. இங்கிலாந்தில் லோரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் என்ற கல்வியாளர் 1975 இல், ஆசிரியரே தன் வகுப்பறையின் ஆய்வாளராக இருக்க வேண்டும் என்று வாதாடினார். திட்டமிடவும் செய்யவும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்ப்பதுதான் கடினம். கற்பித்துக்கொண்டே பார்க்க முடியாது.

அதனால் வரலாறு கற்பிக்கிற மூத்த ஆசிரியை ஒருவரைப் பின்வாங்கில் வந்து உட்காரக் கேட்டேன். "என்னைப் பார்க்க வேண்டாம் அக்கா, பிள்ளைகளைப் பாருங்கள்" என்றேன். ஒரு ஆசிரியரின் வகுப்பில் இன்னொரு ஆசிரியர் உட்காருவது எங்கள் பாடசாலைகளில் வழக்கமில்லாத காரியம். யாராவது பின்னால் உட்கார்ந்தால் அது மேற்பார்வை என்றுதான் பிள்ளைகளே நினைத்து நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டு மூன்று முறை வந்த பிறகுதான் அவரைக் கவனிப்பதை விட்டார்கள்.

அக்காவின் குறிப்பு சுருக்கமாக இருந்தது. கொப்பி கைக்கு வந்ததும் முதலில் புள்ளி. பிறகு பக்கத்துப் பிள்ளையின் புள்ளி. அதற்குப் பிறகு முன்வாங்குப் பிள்ளையின் புள்ளி. அரைப் புள்ளி கேட்டு ஆசிரியரிடம் வருபவர்கள் சிலர். பிறகு கொப்பி பைக்குள் போகிறது. சிவப்பில் எழுதியதை வாசித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதிலும் ஒருத்தி வாசித்தது பக்கத்தில் இருந்தவளுடைய கொப்பியை.

இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் குணம் என்று சொல்லிவிட முடியாது. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற உளவியலாளர் 1988 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி பேசப்படுவது. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் புள்ளி மட்டும், ஒரு பகுதிக்குக் கருத்து மட்டும், ஒரு பகுதிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள், புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்ற இடத்தில் நின்றார்கள். புள்ளி பக்கத்தில் இருந்தால் கருத்து கண்ணில் படுவதில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அவர் கொடுத்த பணிகள் கட்டுரை எழுதுதல் அல்ல. சொற்கள் அமைப்பது, பல கோணங்களில் யோசிப்பது போன்ற சிறு பணிகள். ஆகவே அதை அப்படியே வேதவாக்காக எடுக்காமல், என் வகுப்பில் செய்து பார்க்க முடிவு செய்தேன்.

முதல் சுற்றில் புள்ளியை நிறுத்தினேன். "ரீச்சர், புள்ளி போட மறந்துவிட்டீர்கள்" என்று முன்வரிசையில் ஒரு குரல். மறக்கவில்லை என்றதும் வகுப்பு முழுவதும் ஒரு சலசலப்பு. சிலர் என் கருத்தின் தொனியை வைத்துப் புள்ளியை ஊகிக்கத் தொடங்கினார்கள். 'நன்று' என்றால் ஏழு, 'மிக நன்று' என்றால் எட்டு, 'இன்னும் முயற்சி செய்க' என்றால் வீட்டில் காட்டக்கூடாதது. ஆனாலும் வேறு வழியில்லாமல் வாசித்தார்கள். வாசித்தார்கள் என்பதில் எனக்கு வந்த மகிழ்ச்சி, அவர்களோடு உட்கார்ந்து பேசியபோது கரைந்துவிட்டது.

சிலரைத் தனித்தனியாக அழைத்து, "நான் எழுதியிருப்பதை உன் சொல்லில் சொல்" என்று கேட்டேன். 'பந்தியமைப்பில் கவனம் தேவை' என்பதை ஒருவன், ஓரத்தில் கூடுதலாக இடம் விட வேண்டும் என்று புரிந்திருந்தான். 'கருத்து வளம் போதாது' என்றால் பழமொழி குறைவு என்று ஒருத்தி சொன்னாள். 'மொழிநடை சீராக இல்லை' என்பதற்குப் பலரும் கையெழுத்தைத்தான் நினைத்தார்கள். இவை நாங்கள் பரம்பரையாக எழுதிவரும் வாசகங்கள். எங்களுக்கு எங்கள் ஆசிரியர்கள் எழுதியவை. ஆசிரியருக்கு ஆசிரியர் பேசுகிற மொழியைப் பிள்ளையின் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஜோன் ஹட்டி, ஹெலன் டிம்பர்லி என்ற கல்வி ஆய்வாளர்கள் 2007 இல் எழுதிய ஒரு கட்டுரை, நல்ல பின்னூட்டல், அதாவது பிள்ளையின் வேலையைப் பார்த்து நாங்கள் சொல்லும் கருத்து, பிள்ளைக்கு மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டும் என்கிறது. எதை நோக்கிப் போகிறேன், இப்போது எப்படிப் போய்க்கொண்டிருக்கிறேன், அடுத்து என்ன செய்ய வேண்டும். 'நன்று' என்ற சொல்லை இந்த மூன்றின் முன்னாலும் வைத்துப் பாருங்கள். எதற்கும் விடை இல்லை. 'நீ கெட்டிக்காரி' என்று ஆளைப் புகழ்வதால் கற்றலில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை என்பதும் அவர்கள் சொல்வதுதான். நான் புகழ்வதை முழுவதும் விட்டுவிடவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டியிருக்கிறது. அதைத் திருத்தம் என்று எண்ணிக்கொள்வதைத்தான் விட்டேன்.

இரண்டாம் சுற்றுக்கான தலைப்பு 'எங்கள் ஊரில் ஒரு தொழில்'. எங்கள் வகுப்பில் நகரத்துப் பிள்ளைகளும் உண்டு. உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்திலிருந்தும் கிண்ணியாப் பாலம் தாண்டியும் வருபவர்களும் உண்டு. ஒரு பையன் கரைவலையைப் பற்றி எழுதியிருந்தான். பழைய கணக்கில் அது ஒரு தோல்வியடைந்த கட்டுரை. 'கடற்கறை', 'வளை', 'இளுத்தல்' என்று ஒவ்வொரு வரியிலும் பிழை. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, முழுவதும் ஒரே பந்தி. சிவப்புப் பேனாவை நான் அவிழ்த்துவிட்டிருந்தால் கொப்பி இரத்தக்களரியாகியிருக்கும். ஆனால் அதில் விடியப்புறம் தோணியில் வலை ஏற்றுவது இருந்தது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கரையில் நின்று கையைக் காட்டுவது இருந்தது. இரண்டு கயிற்றையும் இரண்டு பக்கம் நின்று இழுக்கிறவர்கள் அம்பா பாடுவது இருந்தது. வாடைக்காலம் வந்தால் வலை கரையிலேயே கிடப்பதும், அந்த மாதங்களில் அவனுடைய அப்பா கூலி வேலைக்குப் போவதும் இரண்டே வரியில் இருந்தது.

அதே கொப்பிக் கட்டில் இன்னொரு கட்டுரை. ஒரு பிழை கிடையாது. 'இயற்கை அன்னை தன் எழில்மிகு கரங்களால் அரவணைக்கும்' என்று தொடங்கி, விவசாயம் நாட்டின் முதுகெலும்பு என்று சென்று, எனவே நாம் அனைவரும் விவசாயத்தைப் பேணிப் பாதுகாப்போமாக என்று முடிந்தது. தனியார் வகுப்பில் மனப்பாடம் செய்தது. எந்த ஊரின் விவசாயம் என்று அதில் இல்லை. தம்பலகாமத்தில் வயல் இருக்கிறது என்ற செய்திகூட அதற்குள் நுழையவில்லை. எங்கள் வழக்கமான அளவுகோல் இதற்கு அதிகப் புள்ளி கொடுக்கும். இந்த இரண்டு கொப்பிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், பிழை எண்ணுகிற முறை எழுத்தை மதிப்பிடுகிற முறையே அல்ல என்பது எனக்கு உறுதியாயிற்று.

கரைவலைப் பையனுக்கு இரண்டே இரண்டு விடயம் எழுதினேன். ஒன்று கேள்வி: 'வலையின் மடி கரைக்குக் கிட்ட வரும்போது உன் அப்பா எங்கே நிற்பார்? அவர் முகத்தில் என்ன தெரியும்?' மற்றது ஒரு இலக்கணக் குறிப்பு. 'ஐ', 'கு' என்ற உருபுகள் வந்தால் அடுத்து வரும் க, ச, த, ப என்ற வல்லெழுத்துகள் மிகும், அதாவது வலி மிகும் என்பது. 'வலையைப் போட்டார்கள்', 'கடலுக்குப் போனார்கள்' என்று அவனுடைய வாக்கியங்களிலிருந்தே இரண்டைத் திருத்திக் காட்டி, மற்றவற்றை நீயே தேடு என்று எழுதினேன். ழகரத்தையும் றகரத்தையும் தொடவில்லை. கை துடித்தது உண்மை.

கொப்பியைப் பார்த்தவன் என்னிடம் வந்தான். "ரீச்சர், இது பிழையா, கேள்வியா?" கேள்விதான், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்றேன். ஆசிரியருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பது அவனுக்குப் புதிய செய்தி போலிருந்தது. இரண்டாம் முறை எழுதியபோது இப்படி ஒரு இடம் வந்தது: கயிற்றின் பாரத்தை வைத்தே மீன் இருக்கிறதா என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும், பாரம் இல்லையென்றால் அவர் பாடுகிற சத்தம் குறைந்துவிடும், மற்றவர்களும் அதைக் கேட்டுத்தான் அறிவார்கள். முதல் பிரதியில் இல்லாத வரிகள் இவை. வலி மிகும் இடங்களில் பெரும்பாலானவற்றைத் தானே கண்டுபிடித்திருந்தான். 'கடற்கறை' அப்படியே இருந்தது. அது அடுத்த முறைக்கு.

மனப்பாடக் கட்டுரைக்காரிக்கும் ஒரு கேள்வி எழுதியிருந்தேன்: 'நீ கடைசியாக வயலைப் பார்த்தது எப்போது?' அவளால் அந்தக் கட்டுரையைத் திருத்தவே முடியவில்லை. அவளுடையதாக இருந்தால்தானே திருத்தலாம். ஒரு வரியை நகர்த்தினாலும் மற்றது நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. கடைசியில் அதை ஓரமாக வைத்துவிட்டு, தன் அம்மம்மா வீட்டு வாசலில் இடியப்பம் விற்பதைப் பற்றி எழுதினாள். அதில் எழுத்துப் பிழைகள் தாராளமாக இருந்தன. நான் அதை முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டேன். அவளுடைய அம்மா அப்படிக் குறித்துக்கொள்ளவில்லை.

எல்லாப் பிழையையும் திருத்துவதா, சிலவற்றையா, ஒன்றையுமே வேண்டாமா என்பது பழைய சண்டை. இரண்டாம் மொழியில் எழுதுபவர்களுக்கு இலக்கணப் பிழை திருத்துவது பயனற்றது, கைவிட வேண்டும் என்று ஜோன் ட்ரஸ்கொட் 1996 இல் எழுதினார். அது அவசரமான முடிவு என்று டேனா பெரிஸ் 1999 இல் மறுத்தார். அவர்கள் பேசியது இரண்டாம் மொழியைப் பற்றி. நான் கற்பிப்பது தாய்மொழியை. ஆனால் வீட்டில் 'வாறன், போறன்' என்று பேசிவிட்டுக் கொப்பியில் 'வருகிறேன், போகிறேன்' என்று எழுத வேண்டிய பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் பாதி அந்நியமானதுதான். அதற்காகத் திருத்தத்தைக் கைவிட நான் தயாரில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு வகைப் பிழை, அதையும் பிள்ளையே தேடிப் பிடிக்க வேண்டும் என்பது என் முடிவு. வரியின் ஓரத்தில் 'வ' என்று இருந்தால் அந்த வரியில் வலி சம்பந்தமான பிழை. 'எ' என்றால் எழுத்துப் பிழை. ஒரு கேள்விக்குறி என்றால் எனக்கு விளங்கவில்லை. எந்தச் சொல் என்று நான் காட்டுவதில்லை.

திருத்தாமல் விடுவதிலும் சில தீர்மானங்கள் எடுக்க வேண்டியிருந்தது. கிண்ணியாவிலிருந்து வருகிற ஒருத்தி தன் கட்டுரையில் 'வாப்பா' என்று எழுதியிருந்தாள். முன்பு யாரோ அதைத் 'தந்தை' என்று திருத்தியிருக்க வேண்டும். 'தந்தை' என்று தொடங்கி, வெட்டி, மேலே 'வாப்பா' என்று எழுதி, அதையும் வெட்டியிருந்தாள். வெட்டிய இரண்டில் எதை வைத்துக்கொள்ள விருப்பம் என்று கேட்டேன். அவள் வைத்துக்கொண்டது எது என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனையும் நடந்தது ஒரு காரணத்தால்தான். கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அந்தப் பாடவேளை முழுவதையும் திரும்ப எழுதுவதற்கு ஒதுக்கினேன். வீட்டில் போய்த் திருத்தி வா என்று சொன்ன நாட்களில் எதுவும் நடக்கவில்லை. அக்காவின் குறிப்புகள் அதற்குச் சாட்சி. 1996 இல் குளுகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான பின்னூட்டல் ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் பின்னூட்டல் செயற்பாட்டைக் குறைத்திருந்தது. எவ்வளவு சொல்கிறோம் என்பதற்கும் எவ்வளவு நடக்கிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. கருத்து வந்த பிறகு உழைக்க வேண்டியவர் பிள்ளை. எங்கள் ஏற்பாட்டில் அந்த உழைப்புக்கு நேரசூசியில் இடமே இல்லை. ஆசிரியர் 400 நிமிடம் வேலை செய்கிறார், மாணவர் இரண்டு நிமிடம் பார்க்கிறார். நான் எழுதுவதைக் குறைத்து, ஒரு கொப்பிக்கு மூன்று நான்கு நிமிடம் என்று ஆக்கி, மிச்சப்பட்ட நேரத்தில் ஒரு இரவாவது ஒழுங்காகத் தூங்கினேன்.

பாடத்திட்டம் பின்தங்குமே என்று கேட்பீர்கள். பின்தங்கியது. கட்டுரைகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஈடுகட்டினேன்.

சகபாடிகளே ஒருவர் கொப்பியை ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்வதையும் முயன்றோம். முதலில் அது வெறும் கூத்து. நண்பன் என்றால் 'மிக நன்று', கோபம் என்றால் 'எழுத்து அழகில்லை'. கீழே என்னைப் போலவே ஒரு கையெழுத்தும் திகதியும். பிறகு நானே எழுதிய, வேண்டுமென்றே குறை வைத்த ஒரு பந்தியைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரும் சேர்ந்து அதற்குக் கேள்வி கேட்கப் பழகினோம். ரீச்சரின் பந்தியில் குறை கண்டுபிடிப்பதற்கு இருந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு கேள்விகள் கொஞ்சம் தேறின. இதில் இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

தொல்லை வேறு திசையிலிருந்து வந்தது. கொப்பி பார்க்க வருகிறவர்கள் எதிர்பார்ப்பது பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு, சரி அடையாளம், கையெழுத்து, திகதி. மேற்பார்வைக்கு வந்த ஒருவர் என் மாணவர் கொப்பியைப் புரட்டிவிட்டு, இத்தனை பிழை திருத்தப்படாமல் இருக்கிறதே என்றார். முதல் பிரதியையும் இரண்டாம் பிரதியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பார்த்தார், தலையை ஆட்டினார், 'திருத்தம் போதாது' என்றே எழுதிவிட்டுப் போனார். பெற்றோர் கூட்டத்திலும் 'ரீச்சர் கொப்பி திருத்துவதில்லை' என்று வந்தது. இப்போது கொப்பியின் முதல் பக்கத்தில் குறியீடுகளின் விளக்கத்தை ஒட்டி, 'இந்த முறை நான் கவனிப்பது இந்தப் பிழையை மட்டுமே' என்று ஒரு வரி எழுதிவைக்கிறேன். பெற்றோர் பலருக்கு அது போதுமானதாக இருக்கிறது.

என் முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்றால், அளவோடுதான். ஒப்பிட வேறு வகுப்பு இல்லை. கற்பித்தவளும் நானே, இரண்டாம் பிரதி நன்றாக இருக்கிறது என்று சொன்னவளும் நானே. தவணைகள் போகப்போகப் பிள்ளைகள் எப்படியும் வளர்வார்கள். தவணைப் பரீட்சைக்குப் புள்ளி போட்டே ஆக வேண்டும் என்பதால், அந்த நாளில் எல்லாம் பழையபடி, யாருக்கு எத்தனை என்று எட்டிப் பார்ப்பதாக முடிந்தது.

அக்காவுக்கு இன்னும் உடன்பாடில்லை. புள்ளி இல்லாவிட்டால் சோம்பேறிப் பிள்ளைகள் எழுதவே மாட்டார்கள் என்பது அவர் கட்சி. திரும்ப எழுத நேரம் கொடுப்பது சரி, கேள்வி எழுதுவது சரி, ஆனால் புள்ளியைத் தூக்குவது தேவையில்லாத வீரம் என்கிறார். அவருடைய தரம் 8 வரலாற்று வகுப்பில், புள்ளியை வைத்துக்கொண்டே மற்ற இரண்டையும் அடுத்த தவணை செய்து பார்க்கப் போகிறார். பின்வாங்கில் உட்கார இம்முறை என் முறை. தவணை முடிவில் இரண்டு வகுப்புக் கொப்பிகளையும், பெயர்களை மறைத்து, எங்கள் இருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆசிரியர் ஒருவரிடம் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். அந்த மூன்றாவது ஆளை இன்னும் பிடிக்கவில்லை. கொப்பிக் கட்டைக் கண்டதும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது.